ஒரு விரல், இரண்டு பென்ஷன்

"திருடனுக்கு எத்தனை கை, மேடம்?" என்று கேட்டான் செமிசி.

"ரெண்டு."

"அப்புறம் ஏன் இந்தாளு ஒரே கைய ரெண்டு தடவ வெச்சிருக்காரு? ஒரு பேருக்கு வலது கட்டைவிரல், இன்னொரு பேருக்கு இடதுன்னு வெச்சிருந்தா நாம இந்நேரம் ஆப்பியாவுல உக்காந்து எண்ணெயில பொரிச்ச பனிகேக் தின்னுக்கிட்டு இருப்போம்."

லோசலினா பூதக்கண்ணாடியை மறுபடியும் படிவத்தின் மேல் வைத்தாள். தலைநகர் ஆப்பியா இருக்கும் தீவை விட்டுக் கிளம்பிய கப்பல் சமோவாவின் இன்னொரு தீவான சவாயியை நெருங்கிக்கொண்டிருந்தது. மடியில் இரண்டு பென்ஷன் படிவங்கள். ஒன்றில் 'அவுமுவா' என்ற தலைவர் பட்டப்பெயர். மற்றதில் 'லோகேனி தாசி'. இரண்டிலும் மை தோய்த்த கட்டைவிரல் ரேகை. இரண்டு ரேகைகளின் நடுவிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. எப்போதோ தேங்காய் உரிக்கும்போது பட்ட வெட்டாக இருக்கவேண்டும்.

கிராமத்தில் ஒருவருக்குத் தலைவர் பட்டம் கட்டினால் பழைய பெயர் பின்னால் போய்விடும். அதைப் பயன்படுத்தி ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிட்டார். வழக்கு அவ்வளவுதான். இதைவிடச் சிக்கலான வழக்குகளை அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்திருக்கிறாள்.

லோசலினாவுக்கு வயது நாற்பத்து நாலு. முதியோர் வாரியத்தின் கொள்கைப் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். போன வருடம் அதை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். பென்ஷன் மோசடிகளை வாரியம் அவளிடம்தான் அனுப்பும். செமிசி அதற்கு முன் பஸ் ஓட்டியவன். அவனை அவள் வேலைக்கு வைத்ததற்கு ஒரே காரணம், சமோவாவில் அவனுக்குத் தெரியாத குறுக்குப் பாதை கிடையாது. வாய் கூடவே வந்துவிட்டது.

"எனக்கு இடிக்கிறது ரேகை இல்ல, செமிசி. இது." அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள்.

'வையாலோஃபாவில் ஒரு விரல் இரண்டு பென்ஷன் வாங்குகிறது. பணம் கொடுக்கும் வண்டி செவ்வாய்க்கிழமை வரும். நீங்களே வாருங்கள்.' கையெழுத்து இல்லை. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக் கற்ற அழகான, சாய்ந்த எழுத்து. உறையின் மேல் 'லோசலினா மூலியாகா'.

"உங்க பழைய பேரு. கல்யாணம் ஆனதுகூடத் தெரியாத ஆளு. உங்க பழைய காதலனா?"

"என் காதலன் எவனுக்கும் இவ்வளவு நல்ல கையெழுத்து கிடையாது," என்றாள் லோசலினா.

---

வையாலோஃபா ஊர்த் தேவாலயத்துக்கு எதிரே சீமைப்பலா மரத்தடியில் வாரியத்தின் வண்டி நின்றது. முதியவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா தலையைத் தூக்காமல் பெயர்களைக் கூப்பிட்டான். லோசலினாவும் செமிசியும் சாலைக்கு இந்தப் பக்கம் குவேனி என்பவளின் கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து குளிர்பானம் குடித்தார்கள்.

"அவுமுவா!"

வெள்ளைச் சட்டை, இடுப்பில் வேட்டிபோல் சுற்றிய கறுப்பு லாவாலாவா. எழுபத்தைந்து வயதுக்கு நிமிர்ந்த முதுகு. மையைத் தொட்டார், விரலை வைத்தார், உறையை வாங்கினார்.

முக்கால் மணி கழித்து, "லோகேனி தாசி!"

அதே வெள்ளைச் சட்டை, அதே லாவாலாவா. தலையில் ஒரு பனையோலைத் தொப்பி.

செமிசிக்குக் குளிர்பானம் மூக்கில் ஏறியது. "தொப்பி போட்டதும் ஆளே மாறிட்டாராம்! மேடம், எங்க மாமியாருக்கும் ஒண்ணு வாங்கணும்."

பாயில் உட்கார்ந்திருந்த இருபது கிழவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத்தான் லோசலினா கவனித்தாள். ஊர் முழுக்கத் தெரிந்த மோசடி. ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

தொப்பிக்காரர் நேராகக் கடைக்கு வந்தார். அவர்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். பார்வை லோசலினாவின் முகத்தில் ஒரு நொடி அதிகமாக நின்றது. சாமான்களை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போனார்.

"என்ன வாங்கிட்டுப் போறாரு பெரியவரு?" என்று செமிசி குவேனியிடம் இழுத்தான்.

"எப்பவும் வாங்குறதுதான். ஊறவெச்சுச் சாப்பிடுற ரொட்டி, புண்ணுக்குப் போடுற மருந்து, பெரியவங்களுக்குக் கட்டுற நாப்கின். அப்புறம் ரெண்டு கட்டு புகையிலை."

"அவருக்குப் பல்லு?"

"கரும்ப உரிச்சுத் திங்கிறாரு. உனக்குத்தான் ரெண்டு பல்லு கம்மியா இருக்கு."

"புகையிலை?"

குவேனி ஜாக்கிரதையானாள். "அவரு சபையோட டீக்கன். சுருட்டுப் பிடிக்கிறவன கோயில் வாசல்ல வெச்சே திட்டுவாரு." உள்ளே போய் ஏற்கெனவே அடுக்கியிருந்த மீன் டப்பாக்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

"பல்லுள்ள ஆளு ஊறவைக்கிற ரொட்டி வாங்குறாரு. புகைய திட்டுறவரு புகையிலை வாங்குறாரு. நல்லா நடக்குற ஆளு நாப்கின் வாங்குறாரு," என்று செமிசி விரல் மடக்கினான். "மேடம், ஊருக்குப் பின்னால கிழவருக்கு ஒரு சின்ன வீடு இருக்கு. பந்தயம்?"

"பந்தயம் வேணாம். புகை எங்க வருதுன்னு பாரு, போவோம்."

---

சேப்பங்கிழங்குத் தோட்டம் தாண்டி, பழைய எரிமலைக் கற்களின் மேல் பாதை ஏறியது. கடைசியில் ஒற்றை வீடு. சுவரில்லாத நாலு பக்கமும் ஓலைத் தட்டிகள் பாதி இறங்கியிருந்தன. உள்ளிருந்து நீலமாகப் புகை வந்தது.

ஒரு கிழவி. எண்பதுக்கு மேல் இருக்கும். தலையணையில் சாய்ந்து, வாயில் சுருட்டு. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவுமுவா அவள் காலருகில் உட்கார்ந்து குதிகால் புண்ணில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். தொப்பி பக்கத்தில் கிடந்தது.

செமிசியின் வாயில் தயாராக இருந்த நகைச்சுவை அங்கேயே நின்றுபோனது.

இருவரும் குனிந்து உள்ளே வந்து சம்மணமிட்டார்கள். லோசலினா இரண்டு படிவங்களையும் பாயில் வைத்தாள்.

"பெரியவரே, இது ரெண்டும் உங்க விரலா?"

"ஆமாம்மா."

"லோகேனி தாசிங்கிறது?"

"எங்கப்பா எனக்கு வெச்ச பேரு. சபையில பிறப்புப் பதிவேடு என் பொறுப்புலதான் இருக்கு. அதுல வேற வருஷம் போட்டு ஒரு சான்று எழுதினேன். ஆண்டவர் சன்னிதியில உக்காந்து எழுதினேன்." குரல் தடுமாறவில்லை. மருந்து டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

"இடது விரல வெச்சிருக்கலாமே?" என்று செமிசி கேட்டுவிட்டான்.

"களவு தெரியாம போயிடக்கூடாதுன்னுதான் வைக்கல."

லோசலினா கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். "இதையும் நீங்கதான் எழுதினீங்க. என்னோட பழைய பேரு ரெண்டு வருஷத்துக்கு முந்தி வாரியம் ஊர் ஊரா ஒட்டின நோட்டீஸ்ல மட்டும்தான் இருந்துச்சு. மழையில, வெயில்ல அது எப்பவோ கிழிஞ்சிருக்கும். கிழியாம எடுத்து வெச்சிருந்த ஒருத்தர்தான் இந்த உறைமேல அந்தப் பேர எழுதியிருக்க முடியும்."

அவுமுவா எழுந்து போய், கூரைச் சந்தில் மடித்துச் செருகியிருந்த அந்த நோட்டீஸை எடுத்து வந்தார்.

"தன்னையே காட்டிக்கொடுத்திருக்காரு," என்று செமிசி மெதுவாகச் சொன்னான். "ஏன் பெரியவரே?"

"வேற எப்படி உங்க மேடத்த இங்க வரவைக்கிறது? மூணு கடுதாசி போட்டேன், ஒழுங்கா, என் பேரு போட்டு. இங்க படுத்திருக்குற அம்மா உசுரோட இருக்காங்க, அவங்க பென்ஷன நிறுத்தாதீங்கன்னு எழுதினேன். 'இறந்தவர் கணக்கு முடிந்தது, இறப்புச் சான்று இருந்தால் அனுப்பவும்'னு பதில் வந்துச்சு. நேர்ல ஆப்பியாவுக்கு வரணுமாம். எப்படி வருவாங்க? நல்லவன் எழுதினா யாரும் வரல. திருடன்னு எழுதினேன், ஒரு வாரத்துல வந்துட்டீங்க."

கிழவி சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். "என் பேரு அனமாலியா. ரெண்டு வருஷமா நான் செத்துட்டேன்னு அரசாங்கம் சொல்லுது. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அதான் புகைய விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

செமிசி சிரித்துவிட்டான். லோசலினாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"யார் உங்கள இறந்துட்டதா சொன்னது?"

"நான்," என்றார் அவுமுவா.

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "ஆறு மாசத்துக்கு ஒருக்க ஆளு நேர்ல வந்து முகத்தக் காட்டணும்னு, உங்க பேரு போட்ட இந்த நோட்டீஸ்ல சட்டம் வந்துச்சில்ல? மொத தடவ வண்டி வந்தப்ப ஊரு சார்பா சாட்சி நான்தான். அனமாலியான்னு கூப்பிட்டாங்க. விழுந்து கிடக்குறாங்க, வர முடியாதுன்னேன். அந்தத் தம்பி ஃபாரத்தக் காட்டினான். வந்தார், இறந்தார்னு ரெண்டே கட்டம். 'இதுல எது பெரியவரே? வரலன்னா ரெண்டாவதுதான்'னான். பின்னால நூறு பேரு நின்னுக்கிட்டு இருந்தாங்க. மழை வேற. சரி, ஏதோ ஒண்ண போட்டுக்கன்னு சொல்லிட்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இவங்களுக்கு இந்த ஊருல சொந்தம் கிடையாது. புருஷன் போயாச்சு, பிள்ளைங்க நியூசிலாந்து போய்ப் பேச்சே இல்ல. ஊரு சோறு போடுது. மருந்தும் நாப்கினும் சோத்தோட வராதேம்மா."

"வண்டிக் குமாஸ்தாவத் தூக்கி உள்ள போடணும்," என்றான் செமிசி. "வர முடியலன்னு ஒரு கட்டம் இல்லாம எந்த மடையன் மேடம் அந்த ஃபாரத்த—"

அவள் முகத்தைப் பார்த்தான். நிறுத்திக்கொண்டான்.

"நான்தான்," என்றாள் லோசலினா.

நாட்டுக்குக் கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கியின் நிபுணர்கள் வந்திருந்த வருடம் அது. கிழவர்களின் பென்ஷன் கஜானாவைத் தின்கிறது, ஏழை நாட்டுக்கு இவ்வளவு தாராளக் கை ஆகாது, கசிவை அடைத்துவிடுங்கள் என்று அட்டவணைகளோடு வந்தார்கள். வழி கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள்தான். அவளுடைய முதல் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றாவது, 'வர இயலவில்லை'. கசிவு அதன் வழியாகத்தான் வரும் என்று ஒரு நிபுணர் பென்சிலால் வட்டம் போட்டார். போட்டது அவர். தன் பேனாவால் அதை அடித்தவள் அவள். ஒரே வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் பட்டியலிலிருந்து போயின. அத்தனை பேரும் ஏற்கெனவே செத்தவர்கள், அவர்கள் பெயரில் யாரோ தின்றுகொண்டிருந்தார்கள் என்று அறிக்கையில் எழுதினாள். வெளிநாட்டு மாநாட்டில் அதை வாசித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நம்பித்தான் துப்பறியும் அலுவலகமே திறந்தாள்.

இத்தனை மோசடிகளைத் துருவியவள், அந்தப் பட்டியலில் ஒரு வீட்டுக்குக்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

கிழவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் தெரியவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பெரியவரே," என்றாள் லோசலினா, "உங்க வீட்ல நல்ல பாய் இருக்கா? சடங்குக்கு வைக்கிற மெல்லிசுப் பாய்?"

அவுமுவாவுக்குப் புரிந்துவிட்டது. பதறினார். "அது கொலை நடந்தா குத்தவாளியோட குடும்பம் பண்றது. மன்னிப்புக் கேட்டுப் பாயப் போத்திக்கிட்டு வாசல்ல உக்காருறது சின்ன விஷயம் இல்லம்மா. நீங்க அரசாங்கத்து ஆளு."

"உசுரோட இருக்குறவங்கள செத்துட்டாங்கன்னு எழுதினேன். வேற எதுக்குப் பேரு கொலை?"

---

கடைசிக் கப்பலை விட்டுவிட்டு அவுமுவா வீட்டிலேயே தங்கினார்கள். விடியும் நேரத்தில் லோசலினா அந்த ஒற்றை வீட்டு வாசலில், கூர்க் கற்களின் மேல் மண்டியிட்டாள். தலைக்கு மேல் பாய். கொஞ்ச நேரத்தில் பாய் பக்கவாட்டில் அசைந்தது. செமிசி உள்ளே நுழைந்து பக்கத்தில் மண்டியிட்டான்.

"நீ ஏன்டா?"

"குடும்பமா உக்காரணும்னு சொன்னாரே. உங்க வீட்டுக்காரரு ஆப்பியாவுல தூங்குறாரு. நான்தான் இருக்கேன்." பிறகு மெதுவாக, "கல்லு குத்துது மேடம். இவங்க எப்ப பாயத் தூக்குவாங்க?"

"மன்னிக்க மனசு வந்தா தூக்குவாங்க. வரலன்னா வெட்டலாம், அதுதான் முறை."

செமிசி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான்.

வெயில் ஏறியது. பாய்க்குள் மூச்சு முட்டியது. வீட்டுக்குள் எதுவோ தரையில் இழுபடும் சத்தம். நெடுநேரம் கேட்டது. அனமாலியா இரண்டு கைகளையும் ஊன்றித் தன் உடம்பை இழுத்துக்கொண்டு வாசல் ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தாள். அவுமுவா தூக்க வந்ததும், "தொடாதே" என்ற குரல் கேட்டது.

பாயின் மேல் ஒரு கை பட்டது. லோசலினா கண்ணை மூடிக்கொண்டாள். கை பாயைத் தூக்கவில்லை.

"என்ன மாதிரி எத்தன பேரும்மா?"

"நானூத்திப் பன்னிரண்டு."

"அதுல நெசமாவே செத்தவங்க எத்தன பேரு?"

"தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாதும்மா. நான் போய்ப் பாக்கல."

கை பாயை விட்டு விலகியது. "அப்ப இந்தப் பாய நான் தூக்க முடியாது. எனக்காக மட்டும் வந்து உக்காந்துட்டு, மனசு லேசாகி நீ கப்பல் ஏறிடுவே. எழுந்திரு. வீடு வீடாப் போய்ப் பாத்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

---

ஐந்து மாதம் ஆனது.

வாரியத்துக்கு அவள் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தாள், அவுமுவா செய்ததையும் சேர்த்து. அவர் வாங்கியதை அவர் பென்ஷனிலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. அவர் டீக்கன் பொறுப்பை அதற்கு முன்பே விட்டிருந்தார். தண்டனை கிடைத்த செய்தியைக் கேட்டதும் அவர் வெகுநாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார் என்று அவர் மனைவி சொன்னாள். அனமாலியாவுக்குப் புது அட்டை வந்தது. வர முடியாதவர்களுக்கு வண்டி வீட்டுக்கே போக வேண்டும் என்று விதி மாறியது. படிவத்தில் மூன்றாவது கட்டம் திரும்பி வந்தது. கசிவு மறுபடி ஆரம்பிக்கும் என்று கொள்கைப் பிரிவில் முணுமுணுத்தார்கள். கொஞ்சம் ஆரம்பிக்கவும் செய்தது.

அந்தப் படிவத்தை எழுதியவள் என்பதற்காக லோசலினாவை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவளும் செமிசியும் இரண்டு பெரிய தீவுகளிலும், மனோனோ என்ற குட்டித் தீவிலும், பட்டியலைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள். கடைசி வீட்டைப் பார்த்து முடித்த மறுநாள் வையாலோஃபாவுக்கு வந்தாள். பாயைப் போர்த்திக்கொண்டு அதே கற்களில் மண்டியிட்டாள். செமிசி கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சொல்லு," என்றாள் அனமாலியா.

"இருநூத்தித் தொண்ணூத்தேழு பேரு முன்னாடியே இறந்தவங்க. உங்களோட சேத்து எழுபத்து நாலு பேரு உசுரோட இருக்காங்க. எல்லாருக்கும் பென்ஷன் திரும்ப வந்துடுச்சு."

"கூட்டினா குறையுதே."

"நாப்பத்தோரு பேரு. செத்துட்டாங்கன்னு நான் எழுதினப்ப உசுரோட இருந்தாங்க. நான் போறதுக்குள்ள..."

பிறகு பாய் விலகி முகத்தில் காற்று பட்டது. கிழவியின் முகம் மிக அருகில் இருந்தது. கண்கள் நனைந்திருந்தன. பாயை மடித்துத் திருப்பி லோசலினாவின் கையிலேயே வைத்தாள்.

"எனக்காக நான் தூக்கிட்டேன். எழுபத்து நாலு பேருக்கும் நான் பேசிக்கிறேன். அந்த நாப்பத்தோரு பேருக்காகத் தூக்குறதுக்கு நான் யாரு? அவங்களுக்கு வீடு இருக்கு, வாசல் இருக்கு. பாய எடுத்துக்கோ."

லோசலினா பாயை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் இரண்டும் ரத்தம் கட்டியிருந்தன.

பாதையில் இறங்கும்போது செமிசி பட்டியலை வாங்கிப் பிரித்தான். வேடிக்கை பேசவில்லை. நாற்பத்தோரு பெயர்களின் மேல் விரலை ஓட்டி, மேலேயிருந்து முதல் பெயரில் நிறுத்தினான்.

"இது பக்கத்து ஊருதான் மேடம். குறுக்குப் பாதை ஒண்ணு இருக்கு. நாளைக்கு விடியறதுக்குள்ள போயிடலாம்."

"குறுக்குப் பாதை வேணாம்," என்றாள் லோசலினா. "சாலை வழியாவே போவோம்."